டீசல் ஊறிய மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டு மீட்கும் முறை

எங்கள் கிணற்றடி டீசல் என்ஜினின் குழாய் விரிசல் விட்டதில் ஏறத்தாழ 5 லிட்டர் டீசல் மண்ணில் இறங்கிவிட்டது. அந்த மண்ணை மீட்க நான்கு மாதங்கள் பிடித்தன; அவற்றுள் ஒரு மாதம் என் பிழையால் வீணானது.

இதற்கென நுண்ணுயிர்க் கரைசல் வாங்குவது வீண்செலவு என்பதே என் கருத்து. டீசலைச் சிதைக்கும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலான மண்ணில் முன்பே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) காற்றுமே. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கசிந்த கச்சா எண்ணெய் படிந்த அலாஸ்காக் கரைகளிலும் உரந்தான் பெருமளவில் இடப்பட்டது.

டீசல் வாடை வீசும் மண் முழுவதையும் கையுறை அணிந்து வெட்டியெடுத்து, தடித்த தார்ப்பாயின் மேல் இரண்டடி உயரத்துக்கு மிகாமல் குவியுங்கள். அருகில் நெருப்பு கூடாது. நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நிலக்கடலைத் தோல் கலந்தால் காற்று புக இடம் கிடைக்கும். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதை நான் விரும்புவதில்லை.

அடுத்தது உரம். டீசலிலுள்ள கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்ற கணக்கில், 5 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 800 கிராம் யூரியாவும் 500 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் தேவைப்படும். மொத்தமாக இட்டால் உப்பு மிகுந்து நுண்ணுயிர்களையே வாட்டும் என்பதால், மூன்று தவணையாகப் பிரித்து இடுங்கள்.

நான் சறுக்கிய இடம் ஈரப்பதம். நுண்ணுயிர்க்கு நீர் வேண்டும் என்று எண்ணி நாள்தோறும் குடங்குடமாக ஊற்றினேன். குவியல் சேறாகி, மூன்றாம் வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. காற்றில்லாத மண்ணில் டீசல் சிதைவது மிக மெதுவாகவே நடக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை அடிமண் மேலே வருமாறு புரட்டிவிட்டு, மழைநீர் டீசலையும் உரத்தையும் கிணற்றுக்கு இழுத்துச் செல்லாதபடி மேலேயும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

வாடை நீங்கியதும், அந்த மண்ணிலும் நல்ல மண்ணிலும் இருபது இருபது பச்சைப்பயறு விதைத்து முளைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். இது முழுமையான ஆய்வுக்கு ஈடாகாது. ஆகவே அந்த மண்ணைக் கீரைப் பாத்திக்குப் போடாமல் வேலியோரத்தில் பரப்பினேன்.

பின்சேர்க்கை: பழைய என்ஜின் ஆயிலுக்கும் இம்முறை பயன்படுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எண்ணெய்ப் பகுதி மெதுவாகச் சிதையும். ஆனால் அதிலுள்ள உலோகங்களை எந்த நுண்ணுயிராலும் அழிக்க முடியாது.