பிள்ளையை மட்டும் மீட்டால் போதுமா? தெருவோரக் குழந்தைகள், குடிசைப் பகுதிப் பெண்களுக்கான பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் சிக்னலில் வண்டி நின்றதும் ஒரு பிள்ளை வந்து பேனாவோ பஞ்சுக் குச்சிப் பாக்கெட்டோ நீட்டுகிறது. பத்து ரூபாய் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேறு சிலருக்கு, இந்தப் பிள்ளையை எங்கேயாவது ஒரு ஹோமில் சேர்த்துவிட்டால் நல்லது என்று தோன்றும். இரண்டாவது பெருந்தன்மையாகத் தெரியும், ஆனால் இந்தப் பணியில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளையின் அம்மா பெரும்பாலும் அதே மேம்பாலத்துக்குக் கீழே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளையைத் தனியாகவும் அம்மாவைத் தனியாகவும் பார்க்கும் திட்டங்கள் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதல் தவறு, தெருவில் இருக்கும் பிள்ளைகளை எல்லாம் ஒரே கணக்கில் சேர்ப்பது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறி சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்கும் பிள்ளைகள் ஒரு வகை. குடும்பத்தோடு நடைபாதையிலேயே வாழ்பவர்கள் இன்னொரு வகை. பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் அதே நடைபாதையில் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது வகை, பகலில் தெருவில் விற்றுவிட்டு இரவு குடிசைக்குத் திரும்பும் பிள்ளைகள். ரயிலில் வந்து இறங்கிய பிள்ளைக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், ஏனென்றால் அவனிடம் முதலில் பேசுகிறவர் நல்லவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. ரயில்வே பாதுகாப்புப் படையும் ஸ்டேஷனிலுள்ள குழந்தைகள் உதவி மையமும் அதற்காகத்தான் இருக்கின்றன. மற்ற இரண்டு வகைக்கும் அவசரம் பெரும்பாலும் கெடுதல்தான் செய்யும். அங்கே பிள்ளைக்குக் குடும்பம் இருக்கிறது, அந்தக் குடும்பத்துக்கு வழிதான் இல்லை.

அடுத்தது ஹோம். நல்ல காப்பகங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, பிள்ளையைக் காப்பகத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. நடப்பதோ தலைகீழ். அம்மாவுக்கு வருமானம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை ஹோமில் சேர்க்கிறார்கள். லீவுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை திரும்பிப் போவதில்லை. ஏழ்மை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

அப்படிப் பிரிக்காமல் இருக்க அரசிடமே ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளை சொந்தக் குடும்பத்திலேயே இருந்து படிப்பதற்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும். தாய் விதவையாகவோ கணவரால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால், பிள்ளை தெருவில் வாழ்ந்தாலோ வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ விண்ணப்பிக்கலாம். நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். பணம் உடனே வந்துவிடாது, ஆதார், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று என்று அலைச்சல் உண்டு. நடைபாதையில் இருக்கும் பெண்ணுக்கு முகவரிச் சான்று வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தன்னார்வலர்கள் தங்கள் சனிக்கிழமைகளை இந்த அலைச்சலுக்குக் கொடுத்தால் அது பெரிய உதவி. ஆனால் பிறந்தநாள் கேக் வெட்ட வரும் கூட்டம் இதற்கு வருவதில்லை.

பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து, உடனே தலையிட வேண்டும் என்றால்? குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். நீங்களே பிள்ளையை வண்டியில் ஏற்றித் தெரிந்த ஹோமில் கொண்டுபோய் விடக் கூடாது. அப்படி மீட்கப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது சட்டம். எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத்தான். பதிவு செய்யாமல் காப்பகம் நடத்துவது குற்றம். அதனால் நன்கொடை கொடுக்கும் முன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம் இந்த போட்டோ விவகாரம். அழுக்குச் சட்டையோடு ஒரு படம், குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு இன்னொரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கூடப் படிக்கிறவன் கையில் அந்தப் படம் கிடைத்தால் என்ன ஆகும்?

பள்ளியில் சேர்க்கும்போது செய்யும் தவறு வேறு மாதிரி. பிறப்புச் சான்று இல்லை, டிசி இல்லை என்று தலைமையாசிரியர் தயங்கினால் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காக அனுமதியை மறுக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் தேவையில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைக்கப்பட்ட பெரிய பையன் பத்து நாள் கூடத் தாங்க மாட்டான். நேற்று வரை கையில் காசு பார்த்தவன், அவனுக்கும் மானம் உண்டு.

இனி அம்மாவிடம் வருவோம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பெண்களுக்கு உதவி என்றாலே நமக்கு உடனே தோன்றுவது தையல் மிஷின். மூன்று மாதப் பயிற்சி, மேடை, சான்றிதழ், ஆளுக்கொரு மிஷின். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பத்துக்குப் பத்தடி வீட்டில் மிஷின் மேல் துணி மூட்டை இருக்கும், அல்லது மிஷினே அடகுக் கடையில் இருக்கும். ரெடிமேட் சுடிதார் மலிவாகக் கிடைக்கும் ஊரில் அந்தத் தெருவிலேயே முப்பது பெண்கள் தைத்தால் யார் வாங்குவார்கள்? அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே தொழில் இருக்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. வீட்டு வேலை, பூக்கட்டு, மீன் விற்பனை, இட்லிக் கடை, தூய்மைப் பணி. அந்தத் தொழிலில் என்ன முட்டுக்கட்டை என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டு வேலை செய்பவரைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து கொடுப்பது பல தையல் மிஷின்களுக்குச் சமம். நடைபாதையில் கடை போடுபவருக்குக் கடன் வாங்கிக் கொடுக்கும் முன் அவர் பெயர் சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் இருக்கிறதா, அடையாள அட்டை உண்டா என்று பாருங்கள். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் தரும் பாதுகாப்பு அதை ஒட்டித்தான் வரும். அது இல்லாமல் கடன் மட்டும் கிடைத்தால், கடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் தவணை நிற்காது.

கடன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் கொடுப்பதையே அதிகாரமளித்தல் என்று நினைப்பதுதான் என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பெரிய தவறு. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-இல் தருமபுரியில் தொடங்கியபோது சேமிப்பு முதலில், கடன் பிறகு என்றுதான் இருந்தது. இன்று குடிசைப் பகுதியில் ‘குழு லோன்’ என்றால் பெரும்பாலும் மைக்ரோ ஃபைனான்ஸ், அதாவது நிதி நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் சிறுகடன். ஒரு வீட்டுக் கணக்கை உதாரணத்துக்குப் பாருங்கள். மூன்று வீட்டில் வேலை செய்து அம்மாவுக்கு மாதம் 9,000 ரூபாய். கணவர் கொடுக்கும் நாளில் கொடுப்பார். இரண்டு குழு லோனுக்கு மாதம் 5,000. அது போதாத வாரத்தில் தினத் தவணைக்குக் கடன் தரும் தண்டல்காரரிடம் கை நீட்டல். ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் குழுவின் மற்ற பெண்கள் வாசலில் வந்து உட்காருவார்கள். அந்த வீட்டுப் பையன் டியூ வாரத்தில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு சிக்னலில் நிற்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. நாம் அவனுக்கு நோட்டும் பென்சிலும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

அதனால் புதுக்கடன் வாங்கிக் கொடுக்கும் முன் பழைய கடன் எத்தனை என்று உட்கார்ந்து எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலிப்பவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கூட்டம் போடும் நேரத்தையும் கவனியுங்கள். காலை பதினொரு மணிக்குப் போட்டால் வேலைக்குப் போகாதவர்கள் மட்டும்தான் வருவார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் போட்டால் அவர்களும் வர மாட்டார்கள். பெண்ணின் கையில் காசு வரத் தொடங்கியதும் வீட்டில் அடி விழுவதும் உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது, இரவில் அவள் எங்கே போய்த் தங்குவாள் என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

மறுகுடியமர்வு பற்றித் தனியாகவே எழுதலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கல்வியாண்டு முடியும் முன்பே பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் விடியற்காலையில் போய்ச் சேர வேண்டிய வேலை வீடு இப்போது 20, 25 கிலோமீட்டர் தள்ளி. 2021 முதல் மகளிருக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாதது பெரிய ஆறுதல்தான், ஆனாலும் பயணத்தில் போகும் இரண்டு மூன்று மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? அந்த நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண் பிள்ளை. அவள் படிப்பு நிற்பது அப்படித்தான். அந்தப் பகுதியில் என்ன தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், காலை ஆறு மணிக்குத் திறக்கும் ஒரு குழந்தைகள் காப்பிடம் என்று சொல்வேன். அங்கன்வாடி திறக்கும்போது அம்மாக்கள் பஸ்ஸேறிப் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

கடைசியாக, கணக்கை எப்போது முடிக்கிறோம் என்பது. ஜூனில் இத்தனை பேரைப் பள்ளியில் சேர்த்தோம் என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் போய் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், அதே வாரத்தில் வீட்டுக்கும் ஒரு முறை போய் டியூ எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நன்கொடை கொடுக்கிறவராக இருந்தால், அறிக்கையில் இந்த இரண்டு தகவலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.