வேலூர் வட்டாரத்தில் வீட்டுக் கடைக்கால்: ஃபூட்டிங் கான்கிரீட் இடும் முறை

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், "ஐந்தடி" என்ற விடை யோசிக்காமலே வந்துவிடும். ஆனால் இந்த மண்ணில் ஐந்தடி என்பது ஓர் அளவே அல்ல. மலையடிவார மனையில் மூன்றடியிலேயே பாறை தட்டும். பாலாற்றங்கரையில் எட்டடி தோண்டினாலும் மணல் சரிந்துகொண்டே இருக்கும். ஏரி உள்வாயாக இருந்து பின்னர் மனையான இடத்தில் களிமண்தான் கிடைக்கும். ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தரவிதி தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 50 செ.மீ. என்று சொல்வது கீழ் எல்லையை மட்டுமே. எங்கே நிறுத்துவது என்பதைக் குழியின் அடிமண் முடிவு செய்ய வேண்டும்.

குறியிடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று 6, 8, 10 அடிக் கணக்கில் சரிபார்த்து, தூண்களின் மையக்கோட்டுக்கான முளைகளைக் குழியின் விளிம்பிலிருந்து நான்கடி தள்ளி அடித்துவிட்டால், ஜே.சி.பி. வந்து போன பிறகும் நூல் கட்டி மையத்தை மீண்டும் பிடிக்கலாம். எந்திரத்தைக் கொண்டு முழு ஆழத்தையும் எடுக்கக் கூடாது; அதன் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும் என்பதால், கடைசி அரையடியைக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஆள்வைத்து எடுப்பதே முறை.

குழியின் அடியைப் பார்ப்பதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கடப்பாரையை ஓங்கி இறக்கினால் கெட்டியான மொரம்பில் அது சில அங்குலத்துக்கு மேல் இறங்காது. ஓரிடத்தில் மட்டும் பொசுக்கென்று இறங்கினால் அங்கே நிரப்பிய மண் இருக்கிறது என்று பொருள். விளைநிலங்கள் மனைகளாக மாறிய பகுதிகளில், குப்பையும் கல்லும் கொட்டி மூடப்பட்ட பழைய பாசனக் கிணறு நம் மனைக்குள் இருக்கக்கூடும். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் மண் பரிசோதனைக்கு முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும். இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், தூணைத் தாங்கும் அகலமான அடிப்பாகமான ஒரே ஃபூட்டிங்கின் ஒரு பாதி பாறையிலும் மறுபாதி மண்ணிலும் அமர்வது. பாறை அமுங்காது, மண் அமுங்கும்; சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்புகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பாறை கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்து நிறுத்திவிடாமல், மண் உள்ள பாதியையும் பாறை வரை தோண்டி, அந்தப் பள்ளத்தை வெறும் கான்கிரீட்டால் நிரப்பி மட்டப்படுத்த வேண்டும். வெயிலில் வெடித்து மழையில் உப்பும் கரிசல் மண் கண்ணில் பட்டால் தனித்தனி ஃபூட்டிங் போதுமா, மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் வேண்டுமா என்பதைப் பொறியாளர் குழிக்குள் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்த்து வீட்டிலிருந்து சொல்லும் பதில் இதற்கு உதவாது.

குழி எடுத்தபின் நாள் கடத்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓரிரவு மழை பெய்தால் அடிமண் சேறாகிவிடும். தண்ணீரை மோட்டாரால் இறைத்தால் மட்டும் போதாது, சேற்றையும் வழித்தெடுக்க வேண்டும். தவறுதலாகக் கூடுதல் ஆழம் தோண்டிவிட்டால் அந்த இடத்தில் மண்ணைப் போட்டுத் தட்டாமல் பி.சி.சி. என்னும் கம்பியில்லாத அடிக் கான்கிரீட்டைக் கனமாகப் போட வேண்டும். பி.சி.சி. என்பது பெரும்பாலும் சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 என்ற கலவையில், ஒன்றரை அங்குல ஜல்லியைக் கொண்டு, நான்கங்குலக் கனத்தில், ஃபூட்டிங்கைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கங்குலம் நீட்டி இடப்படுவது. பூமி பூசையின் நவதானியத்தையும் காசையும் இதற்கு அடியிலேயே வைத்துவிடுவது நல்லது. கம்பிக்கூட்டின் நடுவே தானியத்தைத் தூவுவதும் பாலை ஊற்றுவதும் கான்கிரீட்டுக்கு ஆகாதவை. தெய்வத்துக்கு எந்த இடமும் சம்மதமாகத்தான் இருக்கும்.

பி.சி.சி. இறுகியபின் அதன்மேல் மையக்கோட்டை மீண்டும் நூலடித்துக் குறித்து, மேட் எனப்படும் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையை வைக்க வேண்டும். கம்பியின் தடிமனும் இடைவெளியும் வடிவமைப்பைப் பொறுத்தவை. நாம் பார்க்க வேண்டியது ஃபூட்டிங்கிற்குரிய 50 மி.மீ. மறைப்பு, அதாவது கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் கனம், அடியிலும் பக்கங்களிலும் இருக்கிறதா என்பதே. இந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியையோ செங்கல் துண்டையோ வைத்தால், ஆள் ஏறி மிதித்தவுடன் அது நழுவி, கம்பி பி.சி.சி.யின் மேலேயே படுத்துவிடும். தூண் கம்பிகளை மேட்டோடு கட்டிவிட்டு, மேலேயும் சவுக்குக் கழிகளைக் குறுக்கே வைத்து அசையாமல் பிடிக்க வேண்டும். எங்கள் சொந்த வீட்டில் இதைச் செய்யத் தவறியதால் ஒரு தூண் மூன்றங்குலம் விலகி நின்றது. நான் அதைக் கவனித்தது தூண்களை இணைக்கும் பிளிந்த் பீமுக்கு நூல் பிடித்தபோதுதான்.

இனி தண்ணீர். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறியிருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. ஐ.எஸ். 456 கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும், சல்பேட்டு 400 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது என்கிறது; அமிலகாரக் குறியீடான பி.எச். 6-க்குக் குறையவும் கூடாது. குளோரைடு மிகுந்தால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து, அந்தத் துரு உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். ஒரு பாட்டில் நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் செலவு வீட்டுச் செலவில் ஒரு பொருட்டே அல்ல. நீர் தேறாவிட்டால் கலவைக்கும், இறுகிய கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராற்றுவதற்கும் சேர்த்து நல்ல தண்ணீர் லாரியை வரவழைக்க வேண்டும்.

மண்ணுக்குள் புதையும் கம்பிக் கான்கிரீட்டுக்கு அதே தரவிதி எம்25 என்ற வலிமைத் தரத்தையும், சிமெண்டின் எடையில் பாதிக்கு மிகாத நீரையும் கேட்கிறது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். ஆனால் பாண்டுக் கணக்கில் அளந்து கலக்கும் 1:1½:3 கலவை எம்20 வரைக்கும்தான் தரவிதியில் ஏற்கப்பட்டிருக்கிறது. எம்25 வேண்டுமானால் ஆய்வகத்தில் வடிவமைத்த கலவையையோ ரெடிமிக்ஸையோதான் நாட வேண்டும். 5 அடிக்கு 5 அடி, 1¼ அடிக் கனமுள்ள ஃபூட்டிங் ஒன்றுக்கு 31¼ கன அடி கான்கிரீட் பிடிக்கும். அப்படிப் பன்னிரண்டு என்றால் 375 கன அடி, அதாவது ஏறத்தாழ 10.6 கன மீட்டர், ஆறு கன மீட்டர் லாரியில் இரண்டு நடை. தளத்திலேயே கலப்பதானால் ஈர எம் சாண்டில் உள்ள நீரையும் கணக்கில் கழிக்க வேண்டும். கலவை ஓடவில்லை என்று யாராவது கூடுதலாக ஒரு வாளி ஊற்ற வந்தால் அப்போதே தடுத்துவிட வேண்டும்.

காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஐ.எஸ். 7861 அப்போது இடுவதைக் கோடைக்காலக் கான்கிரீட்டாகவே கருதுகிறது. வேலூர்க் கோடையில் அது அரிய செய்தி அல்ல. ஆகையால் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதும், ஜல்லியை முன்னிரவே நனைத்து வைப்பதும், கொட்டுமுன் பி.சி.சி.யைத் தண்ணீர் தேங்காத அளவுக்கு ஈரப்படுத்துவதும் அவசியம். ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியாகவும் சிமெண்ட் பால் தனியாகவும் பிரிந்துவிடும் என்பதால் ஆழக் குழியில் தகரச் சரிவு வைத்து இறக்க வேண்டும். வைப்ரேட்டர் ஊசியை நேராக, ஏறத்தாழ ஓரடி இடைவெளியில் இறக்கி, குமிழி நின்றதும் மெல்ல இழுக்க வேண்டும். ஊசியால் கலவையைத் தள்ளிக்கொண்டு போவது பலர் செய்யும் தவறு. ஒரு ஃபூட்டிங்கை பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவதைவிட, அடுத்த ஃபூட்டிங்கைத் தொடங்காமல் இருப்பது மேல்.

மறுநாள் பக்கப் பலகைகளைப் பிரித்து, கோணியை விரித்து நனைத்துவர வேண்டும். சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குப் பத்து நாள் நீராற்றுவது குறைந்த அளவு; பதினான்கு நாள் செய்தால் நல்லது. மண் மூடும்போது தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளாமல் மொரம்பை அரையடி முக்காலடி அடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து, தூண் கம்பியில் இடிபடாதபடி நான்கு பக்கமும் சமமாகத் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டே மேலே வர வேண்டும்.