நாய்க்குப் பூஞ்சை லோஷன்: சிவப்பு போனால் போதுமா?

"அக்கா, ரெண்டு நாள்லயே சிவப்பு போயிடுச்சு பாருங்க!"

நாய்க் காப்பகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஒருத்தி நாயின் தொடையைத் திருப்பிக் காட்டினாள். வட்டமாக முடி கொட்டிய இடம் வெளிறிக் கிடந்தது. அவள் கையில் பாதி பிதுக்கிய ட்யூப். இதே சொற்களை இதே பெருமையோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

குலுக்கிவிட்டுத் தடவு, கையைக் கழுவு என்பதெல்லாம் குப்பியிலேயே எழுதியிருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். நாம் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூன்று மருந்து சேர்ந்த களிம்பு

நான் கெடுத்தது ஐந்து மாதக் கறுப்புக் குட்டி ஒன்றை. கண்ணோரத்தில் ஒன்று, முன்னங்காலில் ஒன்று என நாணயம் அளவுக்கு இரண்டு வழுக்கைகள். வட்டம் என்றால் படர்தாமரை, படர்தாமரைக்கு மருந்து 'சோல்' என்று முடியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல் எல்லாம் அப்படித்தானே முடிகின்றன? என் ட்யூபிலும் 'சோல்' இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகவே இருந்தது: குளோட்ரிமசோல், குளோபெட்டாசோல். கூடவே ஒரு பாக்டீரியா மருந்து. இரட்டைப் பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

குளோபெட்டாசோல் பூஞ்சை மருந்தே இல்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது. பெயரின் வாலைப் பார்த்து மருந்தை எடுத்தால் இப்படித்தான் ஆகும். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற 'சோன்'களும் ஸ்டீராய்டுகள்தான்.

மூன்றாம் நாள் சிவப்பு அடங்கியது, அரிப்பு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் வாரம் முகத்தில் பாதி, இரண்டு முன்னங்கால்கள், கழுத்து என முடி கொட்டிக்கொண்டே போனது. மருத்துவர் தோலைக் கொஞ்சம் பிதுக்கி, ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி எடுத்து, எண்ணெய்ச் சொட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். சுருட்டு வடிவ உடலோடு, எட்டுக் குட்டைக் கால்களை ஆட்டிக்கொண்டு டெமோடெக்ஸ் உண்ணிகள் நெளிந்தன. குட்டிக்குப் பூஞ்சையே இல்லை.

அந்த உண்ணி பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். முடிக்குழிக்குள் அது பாட்டுக்கு இருக்கும். எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் பெருகும். நான் தடவியது எதிர்ப்பை அடக்கும் மருந்து. போதாததற்குக் குட்டி அதை நக்கி விழுங்கவும் செய்தது. சிறு வயதில் இரண்டொரு வட்டமாக வருவது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுமாம். அதை உடம்பெல்லாம் பரப்பிவிட்டேன், குணமாக ஐந்து மாதம் பிடித்தது.

அது நிஜமாகவே பூஞ்சையாக இருந்திருந்தாலும் கதை அதிகம் மாறியிருக்காது. சிவப்பும் செதிலும் உடம்பு பூஞ்சையோடு சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிடும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டத்தின் ஓரம் கலைந்துபோவதால், பிறகு பார்க்கிற மருத்துவருக்கும் அடையாளம் பிடிபடாது. நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து, வயிற்றுப் பக்கம் ரத்தக் குழாய்கள் நீலமாகத் தெரியும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நாயின் தோலில் வட்டமாக முடி கொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாக்டீரியாவை. பிறகு டெமோடெக்ஸ். படர்தாமரை அவற்றுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது. எனவே எதையும் தடவுவதற்கு முன்னால் சுரண்டிப் பார்க்க வேண்டும், முடியைப் பிடுங்கிக் கல்ச்சர் வைக்க வேண்டும், அதாவது பூஞ்சை வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் முடித்தண்டு ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற படர்தாமரைப் பூஞ்சை என்று ஊகிக்கலாம். ஒளிரவில்லை என்பதற்காகப் பூஞ்சை இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில களிம்புகளே அந்த வெளிச்சத்தில் மினுங்கி ஏமாற்றும்.

சில சமயம் மருத்துவரே ஸ்டீராய்டு கலந்த மருந்தை எழுதித் தருவார். அவர் பார்த்துவிட்டுத் தருகிறார், நாம் பார்க்காமல் போடுகிறோம்.

முடிக்கு மருந்து போடுவது

பலர் தடவுவது தோலில் அல்ல, முடியின் மேல். சுற்றியுள்ள முடியை மொட்டைமுனைக் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள், தோல் கீறாமல். கீறினால் அந்த வழியாகவே தொற்று பரவும். வெட்டிய முடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கையுறை போட்டு, வட்டத்துக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கி உள்ளே வாருங்கள். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் நாமே பூஞ்சையைப் பரப்பியதாகும்.

படர்தாமரைப் பூஞ்சை முடிக்குள்ளும் முடிக்குழியிலும் இருப்பது, லோஷன் அங்கே சரியாக எட்டாது. அதனால்தான் பல இடங்களில் பரவியிருந்தால் இட்ரகோனசோல் போன்ற வாய்வழி மருந்தும் கொடுக்கிறார்கள். நாமாக எடுத்துக் கொடுக்கிற மருந்தல்ல அது.

உடனே நக்க விடுவது

கழுத்துப் புனல் மாட்டுங்கள். புனலை வெறுக்கிற நாய் என்றால் தடவியதும் கயிற்றைப் பிடித்து நடக்க விடுங்கள். குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் கலந்த ஷாம்பூவாக இருந்தால் நுரையோடு பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். உங்கள் மனக்கணக்குப் பத்து நிமிடம் மூன்றில் முடிந்துவிடும்.

காதுக்குள் ஊற்றுவது

கூடாது. செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டுகூட.

டீ ட்ரீ எண்ணெய்

நாய்க்கு நஞ்சு.

முடி முளைத்ததும் நிறுத்துவது

நிறுத்தச் சொல்ல வேண்டியது கல்ச்சர், முடி அல்ல.

நாற்றத்தையும் வட்டத்தையும் ஒன்றாக்குவது

தோல் பிசுபிசுத்து, விரலிடுக்கிலும் அக்குளிலும் புளித்த வாடை அடித்தால் அது மலசீசியா என்ற ஈஸ்ட்டாக இருக்கலாம். நல்ல தோலிலும் கொஞ்சம் இருக்கிற ஜீவன் அது. பெருகுகிறது என்றால் பின்னால் ஒவ்வாமையோ தைராய்டு குறையோ ஒளிந்திருக்கும். அதைத் தேடாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் குப்பி வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

நாய்க்கு மட்டும் வைத்தியம்

படர்தாமரையின் வித்துகள் உதிர்ந்த முடியில் ஒன்றரை வருடம்வரை உயிரோடு இருக்கக்கூடும். படுக்கை, சீப்பு, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் கவனியுங்கள். முதலில் முடியையும் தூசியையும் அள்ளி எடுத்த பிறகே கிருமிநாசினி. குப்பைமேல் ஊற்றினால் வேலை செய்யாது. கூடவே பூனை வளர்ந்தால் அதையும் சோதியுங்கள், வெளியே ஒன்றும் தெரியாமலே சுமந்துகொண்டிருக்கும். மனிதருக்கும் தொற்றும். என் முழங்கையில் ஒருமுறை வட்டம் வந்தபோதுதான் கையுறை போடும் பழக்கமே வந்தது.

அந்தப் பெண்ணிடம் ட்யூபைக் கொடுத்து, பின்பக்கம் உள்ளதைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "குளோபெட்டாசோல்... சோல்னுதானே அக்கா முடியுது?"

அந்தப் பாடத்தை இன்னும் யாரோ நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ட்யூபை வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சுரண்டிப் பார்க்க நாயைக் கூட்டிப்போகிறாள். எத்தனை நாள் தடவினாய் என்பதைச் சீட்டில் எழுதி எடுத்துப்போ, மருத்துவர் கேட்பார் என்றேன். இரண்டு என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்தாள். அடித்துவிட்டு ஒன்பது என்று திருத்தினாள்.