கேத்தோடை மாற்றுவதற்கு முன்

எங்கள் ஆய்வகத்துக் கருவியில் கேத்தோடின் முகத்தில் ஒட்டிய வெல்வெட் துணி எலக்ட்ரான்களை உமிழும். அவை எதிரே உள்ள ஆனோடை நோக்கிப் பாய்ந்து மைக்ரோவேவைத் தரும். போன மாதம் புதிதாக வந்த மாணவர் அலைக்காட்டிப் (ஆசிலோஸ்கோப்) படத்தை நீட்டினார். "சார், வோல்டேஜ் 150 நானோ நொடி நிற்குது. மைக்ரோவேவ் 70-லயே செத்துப்போகுது. வெல்வெட்டை எடுத்துட்டு கிராஃபைட் போடலாமா?"

12 வருடம் முன்பு நானும் இதையேதான் கேட்டேன். வெற்றிடம் போதவில்லை, கேத்தோடு சாய்ந்திருக்கிறது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

வரைபடத்தில் உள்ள இடைவெளியை நம்புவது

இந்தக் கேத்தோடுகளை யாரும் சூடாக்குவதில்லை. மின்புலம் ஏறியதும் இழைகளின் நுனிகள் வெடித்துப் பிளாஸ்மாவாகின்றன. எலக்ட்ரான்கள் வருவது அதிலிருந்துதான். அந்தப் பிளாஸ்மா பிறந்த இடத்திலேயே நிற்காது. மைக்ரோ நொடிக்கு 1, 2 செ.மீ. வேகத்தில் ஆனோடை நோக்கி நடக்கும்.

கேத்தோடுக்கும் ஆனோடுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி, 2 செ.மீ. வேகம், 200 நானோ நொடி பல்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்ஸ் முடிவதற்குள் 4 மி.மீ. காணாமல் போயிருக்கும். சைல்டு-லாங்மியர் விதிப்படி மின்னோட்டம் இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அதே வோல்டேஜில் அது சுமார் 2.8 மடங்காகிவிடும். கருவி விர்கேட்டராக (எலக்ட்ரான் கூட்டத்தின் ஊசலாட்டத்திலிருந்து மைக்ரோவேவ் எடுப்பது) இருந்தால் அதிர்வெண்ணும் கூடவே நகரும்: 3 கிகாஹெர்ட்ஸில் தொடங்கியது 5-ஐ நோக்கி ஓடும். 3-க்கு அமைத்த ஒத்ததிர்வுக் குழி அதை எப்படி ஏற்கும்?

இது தெரியாமல் ஏழு மாதம் வீணடித்தேன். ஆன்டெனாவைச் சந்தேகித்தேன், ஜன்னலை மாற்றினேன், கிராஃபைட்டும் போட்டேன். விடை முதல் நாள் சேமித்த கோப்பிலேயே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அளந்த வோல்டேஜிலிருந்து டயோடின் (கேத்தோடும் ஆனோடும் சேர்ந்த ஜோடி) இண்டக்டன்ஸால், அதாவது மின்னோட்டம் மாறும்போது எழும் எதிர்ப்பால், வரும் பகுதியைக் கழியுங்கள். மிச்சத்தை 1.5 அடுக்குக்கு உயர்த்தி, மின்னோட்டத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். வருவது அந்தந்த நொடியில் உள்ள இடைவெளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நேரத்துக்கு எதிராக வரைந்து ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தால், சாய்விலிருந்து பிளாஸ்மாவின் வேகம் கிடைத்துவிடும். ஆரம்பத்தில் உமிழ்வு அங்கங்கே புள்ளிகளாகத்தான் தொடங்கும். அதனால் முதல் சில பத்து நானோ நொடிகள் கோட்டில் உட்காராது, விட்டுவிடுங்கள். எனக்கு வந்தது மைக்ரோ நொடிக்கு 2.4 செ.மீ. ஒரு மதிய வேலை.

சரி, இடைவெளியைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா? கூட்டினால் மின்னோட்ட அடர்த்தி சரியும், அதிர்வெண்ணும் இறங்கும். பிளாஸ்மாவைத்தான் மெதுவாக்க வேண்டும். பரப்பில் ஒட்டியிருக்கும் நீரும் எண்ணெயும் ஹைட்ரஜனைத் தருகின்றன. இலேசான அயனி, பறந்துபோகும். கார்பன் இழையில் சீசியம் அயோடைடு பூசுவது இதனால்தான். சீசியத்தின் நிறை 133, அயோடின் 127. கனமானவை மெதுவாக நகரும்.

பசையைத் தாராளமாகப் பூசுவது

வெல்வெட்டை உலோகத்தில் ஒட்ட வெள்ளி கலந்த எபாக்சியைத் தோசை மாவு மாதிரி ஊற்றியவன் நான். துணி அதை உறிஞ்சி, காய்ந்தபோது மயிரெல்லாம் கொத்துக் கொத்தாக விறைத்து நின்றது. அந்தப் பகுதி உமிழவே இல்லை. கருவியை இயக்கிப் பல்ஸ் கொடுத்த பிறகு பார்த்தால் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் புதுத்துணி. மெல்லிய படலம் போதும். பிறகு விரல் நகத்தால் மயிரை எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள், தனித்தனியாக எழ வேண்டும்.

ஓரங்கள்

கேத்தோடின் ஓரங்களைக் கூராக விடாமல் உருண்டையாக்குங்கள்.

தண்டை மறப்பது

கேத்தோடின் முகத்தை மட்டும் கவனித்துவிட்டு, அதைத் தாங்கும் உலோகத் தண்டில் லேத் கோடுகளை அப்படியே விட்டுவிடுவார்கள். வெல்வெட் செ.மீ.க்குச் சில பத்து கிலோவோல்ட்டிலேயே உமிழும், நல்ல மெருகேற்றிய எஃகு 100-ஐத் தாண்டியும் தாங்கும். அந்த வித்தியாசம்தான் எலக்ட்ரான் கற்றையை முகத்தில் நிறுத்தி வைக்கிறது. கீறல் விழுந்த தண்டு பக்கச் சுவருக்கு மின்னோட்டத்தைக் கசியவிடும். மின்னோட்டம் கணக்கை விட அதிகம், மைக்ரோவேவ் மட்டும் குறைவு என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

முதல் பத்து ஷாட்

புதுக் கேத்தோடில் கொடுக்கும் முதல் பத்து பல்ஸ்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பூசிய கேத்தோடை மேசையில் விட்டுப்போவது

சீசியம் அயோடைடு ஈரத்தை இழுக்கும். வெள்ளிக்கிழமை மாலை வெளியே விட்டால், திங்கட்கிழமை ஒவ்வொரு ஷாட்டுக்கும் அழுத்தமானியின் முள் குதிப்பதைப் பார்க்கலாம்.

அந்த மாணவர் கோடு போட்டுப் பார்த்தார். அவருக்கு 2.1. கிராஃபைட் இன்னும் உறையிலேயே இருக்கிறது.