சில்லறை வணிகப் பங்கின் விலை நியாயமானதா? கணக்குத் தவறும் இடங்கள்

பெரிய சில்லறை வணிக நிறுவனங்களின் பங்கை மதிப்பிடப் புதிதாகக் கற்பவர்கள் என்னிடம் காட்டும் கணக்குகளில், ஒரு காலத்தில் நானே போட்ட தப்புக்கணக்குகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் பி.இ. விகிதத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

குத்தகையைக் கடனாக எண்ணாமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். முன்பு நான் வாங்கிய ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் வங்கிக் கடன் ஏறத்தாழ இல்லை. ‘கடனற்றது’ என்று குறித்துக்கொண்ட நான், நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பல ஆண்டுகள் வாடகை தர அது ஒப்புக்கொண்டிருந்த விவரத்தை, ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்த காரணத்தால் படிக்காமலே தாண்டிவிட்டேன். விற்பனை சரிந்தபோது வாடகை சரியவில்லை. மூடிய கடைகளுக்கும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை பணம் போய்க்கொண்டே இருந்தது. நான் போட்டதில் பாதிக்கு மேல் கரைந்தது.

2019இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற, குத்தகைக்கான பன்னாட்டுக் கணக்கு விதி, இந்தப் பொறுப்பை இருப்புநிலைக் குறிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதே விதியால் வாடகைச் செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து, அவ்விரண்டையும் கழிப்பதற்கு முந்தைய லாபமான இபிட்டாவின் கணக்கில் வராமலே போயிற்று. வாடகை போக இபிட்டா 100, ஆண்டு வாடகை 60 என்று வைத்துக்கொண்டால், புதிய முறையில் இபிட்டா 160 ஆகிறது. சந்தை மதிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து 800 என்றால், இபிட்டாவைப்போல் எட்டு மடங்கு விலையில் இருந்த பங்கு, கடையில் ஒரு சோப்புகூடக் கூடுதலாக விற்காமலேயே ஐந்து மடங்காகத் தெரியும். குத்தகைப் பொறுப்பு 400ஐயும் சேர்த்து 1,200ஐ 160ஆல் வகுத்தால் ஏழரை மடங்கு. அதாவது மலிவு என்று எதுவும் நிகழவில்லை. அமெரிக்கக் கணக்கு விதிகளிலோ சாதாரணக் கடை வாடகை இன்னமும் இபிட்டாவுக்கு முன்பே கழிக்கப்படுகிறது என்பதால், அமெரிக்க நிறுவனத்தையும் ஐரோப்பிய நிறுவனத்தையும் சரிசெய்யாமல் ஒப்பிடுவது வீண் வேலை. நான் இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் வாடகையைக் கழித்த பிறகே மடங்கு பார்க்கிறேன்.

உச்ச லாபத்தை வழக்கமான லாபமாகக் கொள்வது

மளிகை வணிகத்தில் நூறு ரூபாய் விற்பனைக்கு நிகர லாபம் இரண்டு மூன்று ரூபாய்தான் தேறும். அந்த மூன்று இரண்டானால், ஆண்டு லாபத்தைப்போல் 12 மடங்கில் மலிவாகத் தெரிந்த பங்கு அதே விலையில் 18 மடங்காகிவிடும் என்பதால், ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி லாப விகிதத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

புதிய கடைகளின் விற்பனையை வளர்ச்சி என்பது

புதுக் கடைகள் திறந்தாலே மொத்த விற்பனை கூடிவிடும் என்பதால், ஓராண்டு கடந்த கடைகளின் விற்பனையைத் தனியே பாருங்கள்.

53ஆவது வாரம்

பல நிறுவனங்களின் நிதியாண்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு வாரம் கூடுதலாக வரும். அந்த ஆண்டு வளர்ச்சியில் ஏறத்தாழ 2 சதவீதம் நாட்காட்டி தந்தது.

சரக்கிருப்பைப் பார்க்காமல் விடுவது

விற்பனை 4 சதவீதமும் சரக்கிருப்பு 15 சதவீதமும் கூடியிருந்தால், தள்ளுபடி அறிவிப்பு வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். புதிய கடைகளுக்காகவோ பண்டிகைக்காகவோ முன்கூட்டியே வாங்கிய சரக்கு என்று நிர்வாகம் சொன்னால், ஒன்றிரண்டு காலாண்டுகளில் அது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால், உங்கள் கணக்கில் போட்டிருக்கும் மொத்த லாப விகிதத்தை (விற்பனையில் சரக்கின் அடக்கவிலை போக மிஞ்சும் பங்கு) குறைத்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்.