ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், பிறகு 5 நொடி பேசாதீர்கள்

தாளித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து, "டேய், டிவியை அணைச்சிட்டுக் குளிக்கப் போ, யூனிஃபார்ம் எடுத்து வை, தண்ணி பாட்டில் எங்க?" என்று குரல் கொடுத்தால், அதற்குள் நாலு வேலை இருக்கிறது. ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகையான துறுதுறுப்பு) உள்ள 6 வயதுப் பிள்ளையின் நினைவில் அதில் ஒன்று தங்கினாலே பெரிய விஷயம். மீதியை நாம் அடம் என்று எழுதிவிடுகிறோம்.

கிட்டே போங்கள், கை எட்டும் தூரத்துக்கு. டிவியின் சத்தத்தைக் குறைத்து, குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிள்ளை கவனித்தால் போதும். கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அது பெரிய அவஸ்தை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. "குளிக்கலாமா கண்ணா?" என்று கேட்டால் "வேணாம்" என்பதும் நியாயமான பதில்தான். "குளிக்க வா" என்று சொல்லுங்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் "சிவப்பு மக் வேணுமா, நீல மக் வேணுமா?" என்று கேட்கலாம். "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" எளிதில் புரியும். "ஒழுங்கா இரு" என்றால் என்ன செய்வதென்று பெரியவர்களுக்கே தெரியாது.

இனிதான் கடினமான கட்டம். சொல்லி முடித்ததும் மனதுக்குள் 5 வரை எண்ணுங்கள், வாய் திறக்காமல். இடையில் "காது கேக்குதா? எத்தனை தடவை சொல்றது?" என்று ஆரம்பித்தால், பிள்ளையின் கவனம் வேலையிலிருந்து உங்கள் கோபத்துக்குத் தாவிவிடும். தினமும் நாலாவது முறை கத்தும்போதுதான் அம்மா எழுந்து வருவாள் என்றால், முதல் மூன்று முறை சும்மா என்று பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருக்கும்.

அசைந்தால் உடனே, "சொன்னதும் ரிமோட்டைக் கீழ வச்சிட்டியே!" என்று செய்த காரியத்தையே சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் "சமத்து" எதற்காக என்று பிள்ளைக்கு விளங்காது.

அசையவில்லையா? அதே குரலில் இன்னொரு முறை: "ரிமோட்டை வை. வைக்கலன்னா சாயந்திரம் டிவி கிடையாது." மறுபடி 5 நொடி. அப்புறமும் இல்லையென்றால் நீங்களே அணைத்துவிடுங்கள், பிரசங்கம் வேண்டாம். விளைவு சின்னதாக, அன்றைக்கே முடிவதாக, உங்களால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். பூச்சாண்டியும் போலீஸ்காரரும் ஹாஸ்டலும் வரப்போவதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். அடி அந்த நிமிடம் அடக்கும். சொல் கேட்கும் பழக்கத்தைத் தராது. தாத்தா பின்கட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தொடங்கிய சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். பழைய வழி பலிக்காததால் பிள்ளை சத்தத்தை ஏற்றிப் பார்க்கிறது. அப்போது இறங்கி வந்தால், இவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும்.

வீட்டுப்பாடத்தில் பழக ஆரம்பிக்காதீர்கள். பிள்ளை சும்மா இருக்கும் 5 நிமிடத்தில் "அந்த ஸ்பூனைக் குடு", "ஃபேனைப் போடு" என்று ஐந்தாறு சின்ன வேலைகள், ஒவ்வொன்றுக்கும் பாராட்டு. கூடவே நின்று முடிக்கவைக்க நேரமில்லாத காலைகளில், கட்டளையைச் சொல்லாமலே விட்டுவிடுங்கள்.

டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது, முதுகுப்பக்கம் கூப்பிட்டால் திரும்பாதது, அடிக்கடி காதில் சீழ் வடிவது இருந்தால், இதையெல்லாம் தொடங்குமுன் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.