மூளை எம்ஆர்ஐயில் புழுவைத் தேடுவது எப்படி? புதிதாகப் படம் பார்க்கப் பழகுவோருக்கு

முப்பது வயது ஊழியருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வலிப்பு வந்திருக்கிறது. இந்தியா, நேபாளம், மியன்மார் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர் என்றால், பன்றி நாடாப்புழுவின் லார்வா (முட்டையிலிருந்து வரும் இளம் புழு) மூளையில் இருக்குமோ என்று யோசியுங்கள். “நான் சுத்த சைவம்” என்று அவர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில்தான் புழு வளரும். மூளை வரை போவது முட்டையிலிருந்து வரும் லார்வா. குடலில் புழு இருப்பவர் கை கழுவாமல் சமைத்தால், சாம்பார் சாதத்திலும் அந்த முட்டை வரும்.

முதல் படி: ஸ்கேன் அறைக்கு வெளியே

கப்பல் பட்டறையில் கிரைண்டிங், வெல்டிங் செய்பவர்கள் பலர் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிடுவார்கள். அதை நம்பாமல் தமிழிலேயே கேளுங்கள்: “தம்பி, கண்ணில் எப்பவாவது இரும்புத் தூள் பட்டு டாக்டரிடம் போனீங்களா?” ஆமாம் என்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. காந்தப் புலத்தில் ஒரு சிறு துணுக்கு நகர்ந்தாலே கண் போய்விடும். கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் சில இடங்களை ஒளிர வைக்கும் மருந்து) போடுவதற்கு முன் சிறுநீரகக் கோளாறு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தலையைக் கண்டுபிடிப்பது

இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். டி1 படத்தில் (நீர் கறுப்பாகத் தெரியும் எம்ஆர்ஐ படவகை) கறுப்பாக, உருண்டையாக, பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்குள் ஒரு நீர்ப்பை தெரியும். அதற்குள் ஓரமாக வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? ஃபலூடாவில் ஊறிய சப்ஜா விதையை நிறம் மாற்றிப் பார்த்த மாதிரி இருக்கும். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. அது தெரிந்துவிட்டால் நோய் ஏறக்குறைய உறுதி. தடிமனான வெட்டுகளில் புள்ளி நழுவிவிடும் என்பதால் மெல்லிய வெட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஃபிளேர் படத்தில் (தெளிந்த நீரின் ஒளியை அடக்கி, வீக்கத்தை வெளுப்பாகக் காட்டும் படவகை) பையின் நீர் கறுப்பாகிவிடும், புள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும்.

மூன்றாம் படி: உயிரோடு இருக்கிறதா?

புழு உயிரோடு இருக்கும்வரை சுற்றிலும் வீக்கம் அதிகம் இருக்காது. அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொள்கிறது. பைக்குள் நீர் கலங்கி ஃபிளேரில் வெளுக்கும், சுற்றிலும் வீக்கம் பரவும், கான்ட்ராஸ்ட் போட்டால் வளையம் ஒளிரும். வலிப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அப்புறம் அது சுருங்கிச் சிறு முடிச்சாகி, கடைசியில் சுண்ணாம்புப் புள்ளியாகிவிடும். சுண்ணாம்பைப் பார்க்க சிடி ஸ்கேன்தான் மேல். எம்ஆர்ஐயில் எஸ்டபிள்யூஐ என்ற படவகையில் (இரத்தக்கசிவையும் சுண்ணாம்பையும் எடுத்துக்காட்டுவது) கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

நான்காம் படி: வளையமெல்லாம் புழுவல்ல

காசநோய்க் கட்டியும் வளையமாக ஒளிரும். ஆனால் அது பொதுவாக 20 மில்லிமீட்டரைத் தாண்டும், ஒழுங்கற்ற வடிவில் இருக்கும், பல வளையங்கள் ஒட்டிக்கொண்டும் நிற்கும். சீழ்க்கட்டி என்றால் டிஃப்யூஷன் படத்தில் (நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் படவகை) நடுப்பகுதி வெளுத்திருக்கும். எச்ஐவி உள்ளவருக்கு மூளையின் ஆழத்தில் பல வளையங்கள் தெரிந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணியைச் சந்தேகப்படுங்கள்.

மூளை அறைகளையும் (மூளைக்குள் மூளை நீர் நிறைந்த குழிகள்) மறக்க வேண்டாம், குறிப்பாக நான்காவது அறையை. அங்கே பையின் நீரும் மூளை நீரும் ஒரே நிறத்தில் இருப்பதால் பை ஒளிந்துகொள்ளும். சிஐஎஸ்எஸ் போன்ற, மெல்லிய வெட்டுகளில் எடுக்கும் படவகையில்தான் அதன் சுவர் பிடிபடும்.

அறிக்கையில் எத்தனை பைகள், எங்கே, எந்தக் கட்டத்தில் என்று எழுதுங்கள். மருத்துவர் அதை வைத்துத்தான் அல்பெண்டசோலும் (புழுவைக் கொல்லும் மருந்து) ஸ்டீராய்டும் (அழற்சியைத் தணிக்கும் மருந்து) தருவதா என்று முடிவெடுப்பார். அதே படத்தில் கண்களும் விழுந்திருக்கும், அங்கேயும் ஒரு நோட்டம் விடுங்கள். கண்ணுக்குள் பை இருக்கும்போது மருந்தைத் தொடங்கினால், புழு சாகும்போது கிளம்பும் அழற்சி பார்வையையே கெடுத்துவிடலாம்.